பத்திரச் செலவும் எட்டுப் பவுனும்



பத்திரப் பதிவுக்கு முந்திய நாள் மாலை, ஆவண எழுத்தர் ஒரு சிறு காகிதத்தை என் முன் நகர்த்தினார். அதில் மூன்று வரிகள் மட்டுமே இருந்தன. முத்திரைத் தீர்வை 2,52,000. பதிவுக் கட்டணம் 72,000. கூட்டுத்தொகை 3,24,000. நான் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தேன். என் கணக்கில் பத்திரச் செலவு, வீட்டுச் சீர்திருத்தம், குடிபோதல் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து நான் ஒதுக்கி வைத்திருந்தது ஒன்றரை லட்சம் ரூபாய்தான்.

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், திருச்சியில், 36 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீட்டை வாங்கினேன். ரியாத்தில் ஆறு ஆண்டுகள், ஊர் திரும்பிய பின் ஆறு ஆண்டுகள் சேமித்த பணமும், அத்தா விட்டுச்சென்ற சொத்தில் எனக்கு வந்த பங்கும் சேர்ந்த தொகை அது. வங்கியில் ஒரு ரூபாய் கடன் இல்லை. 'வட்டியில்லாமல் வீடு வாங்கிவிட்டீர்களே, மாஷா அல்லாஹ்' என்று ஜமாஅத்தில் பலரும் கைகுலுக்கினார்கள். அந்தக் கைகுலுக்கல்களை நான் கொஞ்சம் அதிகமாகவே விரும்பி ஏற்றுக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டு விலைக்கு வட்டி வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் வீட்டு விலைக்கு வெளியே நின்ற செலவுகள் என்னை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தின என்பது கைகுலுக்கியவர்களுக்குத் தெரியாது. முதல் வீடு வாங்கக் காத்திருக்கும் நம் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒன்றரை லட்சம் என்ற எண் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், என் மச்சானிடமிருந்து. 2015இல் அவர் 14 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினார். அன்று தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. ஆக 1,12,000 ரூபாயில் அவர் வேலை முடிந்தது. 'ஒன்று, ஒன்றேகால் லட்சம் ஆகும் மாப்பிள்ளை' என்று அவர் சொன்னது என் மனத்தில் ஒரு நிலையான விலையாகப் பதிந்துவிட்டது. அது விகிதம், விலையோடு சேர்ந்து வளரக்கூடியது என்பதை நான் யோசிக்கவே இல்லை. இடையில் 2017இல் பதிவுக் கட்டணம் 4 விழுக்காடாக உயர்ந்தது. 2023இல் அதை 2ஆகக் குறைத்தார்கள். குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். இப்போது கிரயப் பத்திரத்துக்கு 7ம் 2ம் சேர்ந்து 9 விழுக்காடு. வழிகாட்டி மதிப்பு, நாம் உண்மையில் கொடுக்கும் விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மீது இந்த 9 விழுக்காடு கணக்கிடப்படும்.

பத்திரச் செலவாவது எழுத்தர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார். மற்றவற்றை எழுதிக் காட்டுவார் யாரும் இல்லை. தரகருக்கு 1 விழுக்காடு, 36,000. வழக்கறிஞரின் சட்டக் கருத்துக்கு 7,500. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றுக்கும் மூலப்பத்திர நகல்களுக்கும் ஏறத்தாழ 2,000. ஆவண எழுத்தர் கூலி 9,000. பட்டா மாற்றம், சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், இவற்றுக்கான அலைச்சல் எல்லாம் சேர்த்து 6,000. விற்றவர் மூன்று ஆண்டுகளாகச் சொத்துவரி கட்டவில்லை என்பது பெயர் மாற்றத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது, 14,500. அவரிடம் கேட்கலாம் என்றால் பணம் முழுவதும் கைமாறிவிட்டிருந்தது. வரி ரசீதைக் கையில் வாங்கும்வரை ஒரு சிறு தொகையை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். அந்த யோசனை எனக்கு அப்போது இல்லை.

பிறகு வீடு. பார்க்கப் போனது கோடைக்காலம். சுவர்கள் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தன. ஐப்பசி மழை தொடங்கியதும் மேல்தளம் தன் உண்மையைச் சொன்னது. தளத்துக்குத் தட்டோடு பதித்தல், குளியலறைக் குழாய்களை முழுவதும் மாற்றுதல், ஆழ்துளைக் கிணற்றுக்குப் புது மோட்டார், கருகிப்போன மின்கம்பிகள்: 1,85,000. திரைச்சீலை, மின்விசிறி, சன்னல் கம்பி வலை, பொருள்களை ஏற்றி இறக்கிய வண்டிக் கூலி: 40,000. வேலை முடியும்வரை பாலக்கரையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய இயலவில்லை; சொந்த வீட்டுக்குச் சொந்தக்காரனாக இருந்துகொண்டே இரண்டு மாத வாடகை 18,000 கொடுத்தேன். கடைசியாகக் குடிபுகுந்த நாள் விருந்து, 52,000. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டினால் 6,94,000 ரூபாய். விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. என் கையில் இருந்ததோ ஒன்றரை லட்சம். மீதி 5,44,000 எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்கு வங்கியில் கடன் வாங்குவோரும் விடை தேடத்தான் வேண்டியிருக்கிறது. வீட்டுக் கடன் வழங்கும்போது பத்திர, பதிவுச் செலவுகளை வீட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் அதில் தளர்வு உண்டு. விலையிலும் முழுமையாகக் கடன் கிடையாது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு விலையில் 90 விழுக்காடு, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு என்பதே உச்சவரம்பு. ஆகவே கடன் வாங்குகிறவரும் முன்பணத்தைச் சேர்த்துவைத்துவிட்டு, பத்திரச் செலவின்போது தடுமாறி, அதற்கென்று ஒரு தனிநபர் கடன், ஒரு நகைக்கடன் என்று போகிறார். வீட்டுக் கடனைவிட அதிக வட்டி அது. வீட்டுக் கடனே வேண்டாம் என்று மார்க்கத்துக்கு அஞ்சிப் பத்தாண்டு காத்திருந்த ஒருவரும், கடைசி வாரத்தில் மூன்று லட்சம் குறைகிறது என்பதற்காக அதே நகைக்கடன் வரிசையில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நிற்க நானும் ஒருநாள் கிளம்பினேன். என் மனைவி தடுத்ததால் நின்றேன். என் உறுதியால் நிற்கவில்லை.

அதற்கு முன் இன்னொரு வழி எனக்குக் காட்டப்பட்டது. என் தடுமாற்றத்தைக் கண்ட தரகர் தனியே அழைத்துச் சொன்னார்: "பாய், இந்த இடத்துக்கு வழிகாட்டி மதிப்பு 24 லட்சம்தான் வருது. பத்திரத்துல 25 போட்டுக்குவோம். மீதி 11ஐக் கையில கொடுத்துடுங்க. விக்கிறவருக்கும் சம்மதம். உங்களுக்குச் சொளையா 99,000 மிச்சம்." வழிகாட்டி மதிப்புக்கு மேல் இருப்பதால் சார்பதிவாளர் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார் என்பதையும் விளக்கினார்.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் இரண்டு இரவுகள் யோசித்தேன். ஊரே செய்கிறதே, அரசாங்கம்தானே, யாருடைய பணத்தையும் நாம் எடுக்கவில்லையே என்றெல்லாம் நஃப்ஸ் வாதாடியது. மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்று யோசிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தொழுகை வரிசையில் என் பக்கத்தில் நிற்கிற நண்பரைத்தான் சாட்சியாக அழைத்திருந்தேன். 36 லட்சத்துக்கு நான் வாங்குவது அவருக்குத் தெரியும். 25 லட்சம் என்று எழுதிய தாளில் அவரைக் கையெழுத்திடச் சொல்வதென்றால், 99,000 ரூபாய்க்காக ஒரு முஸ்லிமைப் பொய்ச்சாட்சி ஆக்குவதுதானே அது? இவ்வுலகக் கணக்கும் உண்டு. 2015 முதல் அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி குற்றம். வாங்கிய அளவுக்குத் தண்டத்தொகை. நாளை அந்த வீட்டை நாம் விற்க நேர்ந்தால் 25 லட்சத்துக்கு வாங்கியதாகவே கருதி, நமக்கு வராத இலாபத்துக்கு நாம் வரி கட்ட வேண்டும். ஆனால் இவையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அன்று என்னைத் தடுத்தது அந்த நண்பரின் முகம்தான்.

போதிய பணம் கையில் இருந்திருந்தால் இந்தச் சோதனையே எனக்கு வந்திராது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் உரைகளிலும் கட்டுரைகளிலும் ஹராமைத் தவிர்க்க ஈமானின் உறுதி வேண்டும் என்கிறோம். சரிதான். ஆனால் ஒரு கூட்டல் கணக்கை ஆறு மாதம் முன்பே ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்த உறுதியை அத்தனை கடுமையாகச் சோதிக்க வேண்டியிருந்திராது. 'ஆபீஸ் செலவு' என்று எழுத்தர் கேட்ட 3,000 ரூபாயும் அப்படித்தான். ரசீது உண்டா என்று கேட்டேன், சிரித்தார். கொடுக்கவில்லை. என் பத்திரம் திரும்பிவர அதனால் சில நாள் தாமதமானது. அவசரம் இல்லாதவனுக்குத் தாமதம் ஒரு பொருட்டல்ல. வாடகை வீட்டைக் காலிசெய்யத் தேதி கொடுத்துவிட்டவனுக்குத்தான் லஞ்சம் தவிர்க்க முடியாததாகத் தோன்றும்.

இனி எட்டுப் பவுன்.

நகைக்கடன் வேண்டாம் என்று தடுத்த என் மனைவி அலமாரியைத் திறந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துவந்தார். "அடகு வெச்சு வட்டி கட்டுறதுக்கு வித்துடலாங்க. அப்புறம் செஞ்சு போடுங்க" என்றார். அதில் மஹராக நான் கொடுத்த மூன்று பவுன் சங்கிலியும், அவருடைய தாய் வீட்டில் போட்ட ஐந்து பவுன் வளையல்களும் இருந்தன. மறுநாள் பெரிய கடைவீதியில் விற்றோம். சேதாரம், கழிவு எல்லாம் போகப் பவுனுக்கு 44,500 வீதம் 3,56,000 ரூபாய் கிடைத்தது. பத்திரச் செலவு கட்டி, மிச்சத்தில் மேல்தள வேலையைத் தொடங்கினோம். மீதம் தேவைப்பட்ட 1,88,000ஐ என் தாய்மாமா வட்டியின்றிக் கொடுத்தார். அதை ஒன்றேமுக்கால் ஆண்டில் அடைத்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ்.

மாமாவுக்குக் கொடுக்கவேண்டிய கடனைத் தேதி போட்டு எழுதிவைத்தேன். மனைவிக்குக் கொடுக்கவேண்டியதை எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. குடும்பத்துக்குள் என்ன கணக்கு என்ற எண்ணம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று பிள்ளைகளுக்கு வினாடி வினாவில் கேட்கிறோம். அல்பகரா 282 என்று அவர்களும் சொல்கிறார்கள். அந்த வசனம் தொழுகையைப் பற்றியதோ சொர்க்கத்தைப் பற்றியதோ அன்று. தவணைக் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படையாதீர்கள் என்ற பொருளும் அதிலேயே வருகிறது. மனைவியிடம் வாங்கியதற்கு அதில் விதிவிலக்கு எதையும் நான் காணவில்லை. மஹரைப் பற்றி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் சொல்வதும் தெளிவு: அது பெண்ணுக்கு உரியது, அவள் மனம் விரும்பிக் கொடுத்தால் மட்டுமே கணவன் அனுபவிக்கலாம். என் மனைவி கொடுத்தாரா, கடனாகத் தந்தாரா? 'அப்புறம் செஞ்சு போடுங்க' என்ற சொல்லே அதற்கு விடை.

ஓராண்டு கழித்துத்தான் எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் இதைக் கேட்டேன். 3,56,000ஐத் திருப்பிக் கொடுத்தால் போதும்தானே என்பது என் எதிர்பார்ப்பு. "நீங்க வாங்குனது பணமா, தங்கமா?" என்று கேட்டார். தங்கம் என்றேன். "அப்ப தங்கமாத்தான் கொடுக்கணும். எட்டுப் பவுன்."

அந்த எட்டுப் பவுன் இன்று என்ன விலை என்பது இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியபோதே என் கடன் 7,20,000ஐத் தாண்டிவிட்டது. வீடு வாங்கியதில் எனக்கு ஏற்பட்ட எல்லா உபரிச் செலவுகளின் கூட்டுத்தொகையைவிட அது அதிகம். எந்த வங்கியும் என்னிடம் இரண்டே ஆண்டில் இப்படி இரட்டிப்பாகக் கேட்டிருக்காது என்று ஒருநாள் எரிச்சலில் நினைத்தேன், நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். அவர் என்னிடம் ஒரு கிராம்கூட அதிகம் கேட்கவில்லை. தங்கத்தை விற்காமல் வைத்திருந்தால் அந்த உயர்வு அவருடையதாக இருந்திருக்கும். அவருடைய உயர்வை விற்று என் பத்திரச் செலவைக் கட்டினேன். நடந்தது அவ்வளவுதான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வீடு என் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது. நான் இறந்துபோனால் பிள்ளைகள் இருப்பதால் என் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. ஆனால் பாகப்பிரிவினைக்கு முன் இறந்தவரின் கடன் அடைக்கப்பட வேண்டும் என்பது ஷரீஅத்தின் விதி. அந்த எட்டுப் பவுன் கடன் எங்கும் எழுதப்படாமல் நான் போயிருந்தால், அவர் தன் தங்கத்தையே சொத்தாகப் பார்த்து, அதிலும் எட்டில் ஒரு பங்கை மட்டும் பெற்றிருப்பார். நம் வீடுகளில் எத்தனை வீடுகளின் பத்திரச் செலவு இப்படி ஒரு பெண்ணின் நகையாக இருக்கிறது! பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறதா? குறிப்பேட்டிலாவது இருக்கிறதா? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதன் சுமை தகப்பன் மீதும் வளைகுடாவில் இருக்கும் அண்ணன்மார் மீதும் விழுவதைப் பற்றி வேறொரு நாள் பேச வேண்டும். ஆனால் அங்கே வீட்டுப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறது என்பதையும் மறுக்க இயலாது. மனையின் மதிப்பு 10 லட்சத்துக்கு உட்பட்டு, பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. சிறு மனை வாங்குவோர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜகாத்தையும் யாரும் வீட்டுக் கணக்கில் எழுதுவதில்லை. வீட்டுக்காகச் சேர்த்துவைத்த பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு ஜகாத் கடமை என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. வீடு வாங்கிய ஆண்டு ரமளானில் என் கையிருப்புக்கு 90,000 ரூபாய்க்கு மேல் ஜகாத் வந்தது. 'வீட்டுக்கு வெச்ச காசுக்கு எதுக்கு?' என்று சிலர் சொன்னார்கள். கொடுத்த பிறகு மீதமிருந்ததே 37.5 லட்சம். பல ஆண்டுகள் சேமிப்பவர் ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு குறையும் என்பதை முதலிலேயே கணக்கில் கொண்டால் கடைசியில் கை நடுங்காது. கடன் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாமா என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்துக்கு வருகிறேன். புது வீட்டுக்கு விருந்து கொடுப்பது நல்ல பழக்கம். ஃபிக்ஹு நூல்களில் அதற்கு 'வகீரா' என்று ஒரு பெயரே இருக்கிறது. ஆனால் 150 பேருக்கு ஆட்டிறைச்சி பிரியாணி என்று எந்த நூலும் சொல்லவில்லை. மனைவியின் கை வெறுங்கையாக இருந்த மாதத்தில், மாமாவிடம் வாங்கிய கடனிலிருந்து 52,000 ரூபாயை எடுத்து ஊருக்கு உணவிட்டேன். ஏன்? 'வட்டியில்லாமல் வாங்கியவர் ஒரு விருந்துகூட வைக்கவில்லை' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. 6,94,000இல் நான் இன்றும் வருந்துகிற செலவு இது ஒன்றுதான். மிகச் சிறிதாயினும் மிகச் சரியாகச் செய்த செலவு எது என்று கேட்டால் வழக்கறிஞருக்குக் கொடுத்த 7,500. நான் முதலில் பார்த்துவைத்திருந்த ஒரு வீட்டின் தாய்ப்பத்திரத்தில் ஒரு சகோதரியின் பங்கு விடுபட்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். பங்கு கொடுக்கப்படாத ஒரு சகோதரியின் இடத்தில் தொழுதுகொண்டிருக்காமல் காப்பாற்றினார். இடம் வக்ஃபுக்கு உரியதா என்பதையும் அப்படியே பார்த்துவிட வேண்டும். வக்ஃப், கோயில் நிலங்களை உரிய அனுமதியின்றிப் பதிவதைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. முன்பணம் கொடுத்தபின் அது தெரிந்து பயனில்லை.

அடுக்ககம் வாங்குவோருக்குச் சுருக்கமாகச் சில சொல்கிறேன், எனக்கு நேரடி அனுபவம் இல்லாததால். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு; 45 லட்சத்துக்கு உட்பட்ட, பரப்பளவு வரம்புக்குள் அடங்கும் சிறு வீடுகளுக்கு 1 விழுக்காடு; கட்டிமுடித்து நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இல்லை. வாகன நிறுத்தம், பராமரிப்பு முன்பணம், சங்கத்தின் வைப்புநிதி ஆகியவை விளம்பர விலையில் இருக்கமாட்டா. எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவரே 1 விழுக்காட்டைப் பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டும். அது விற்பவரின் பணம்தான், ஆனால் கட்டாவிட்டால் தண்டம் நமக்கு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது, விகிதமும் அதிகம். நம் ஊர்களில் விற்பவர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பது சாதாரணம் என்பதால் இதை மறக்கலாகாது.

என் கருத்து இதுதான்: வீட்டின் விலையைப் பார்த்துவிட்டுச் செலவைக் கணக்கிடாதீர்கள், செலவைக் கழித்துவிட்டு விலையைப் பாருங்கள். கையிலிருக்கும் தொகையை 1.2ஆல் வகுத்தால் கிடைப்பதே, பழைய வீடு வாங்கப்போகிறவர் பேச வேண்டிய விலை. என் 37.5 லட்சத்தை அப்படி வகுத்திருந்தால் 31 லட்சத்துச் சொச்சம். 31 லட்சத்துக்கு ஒரு வீட்டைத் திருவெறும்பூர் தாண்டிப் பார்த்தேன். அறைகள் சிறியவை, பள்ளிவாசலுக்கு இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும் என்று தள்ளிவிட்டேன். அந்த இரண்டு கிலோமீட்டரின் விலை எட்டுப் பவுன் என்பது அன்று தெரியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. 'நீங்கள் சொல்கிறபடி இன்னும் ஐந்து லட்சம் சேரும்வரை காத்திருந்தால் வீட்டின் விலை ஆறு லட்சம் ஏறிவிடுகிறதே, நடுத்தரக் குடும்பம் எப்போதுதான் வாங்கும்?' காத்திருக்கச் சொல்லவில்லை. இருக்கிற பணத்துக்குச் சிறிய வீட்டை வாங்கச் சொல்கிறேன். அதுவும் இயலாத குடும்பங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அங்கேதான் ஜமாஅத்துகள் யோசிக்க வேண்டும். நம் பைத்துல்மால்கள் மருத்துவத்துக்கும் கல்விக்கும் திருமணத்துக்கும் உதவுகின்றன. 36 லட்சம் கொடுத்து ஒருவருக்கு வீடு வாங்கித்தர எந்த ஜமாஅத்தாலும் இயலாது. ஆனால் விலையைத் தானே சேர்த்துவிட்டு, பத்திரச் செலவுக்கு இரண்டு, மூன்று லட்சம் இல்லாமல் நகைக்கடன் வரிசைக்குப் போகிற ஒருவரை இரண்டாண்டுத் தவணையில் ஒரு கர்ளுல் ஹசனால் நிறுத்திவிட முடியும். ஜகாத் நிதியை இதற்குத் தொட வேண்டியதில்லை. வசதியுள்ள பத்துப் பேர் ஆளுக்கு முப்பதாயிரம் சுழல்நிதியாகப் போட்டால் இரண்டாண்டுக்கு ஒரு குடும்பமாவது நிற்கும். திருப்பித் தரமாட்டார்கள் என்ற அச்சம் எழும். ஜாமீன் கையெழுத்து, தவணை, தேதி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்; 282ஆம் வசனம் அதற்காகத்தானே.

என் குறிப்பேட்டில் இப்போது ஒரு பக்கம் அவருக்காக இருக்கிறது. மேலே 'எட்டுப் பவுன்' என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அவருடைய தம்பியைச் சாட்சியாக வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு பவுன் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். சென்ற மாதம் அரைப் பவுன் நாணயம் ஒன்று வாங்கிக் கொடுத்தபோது, எடையைப் பார்த்துவிட்டுத் தன் கையாலேயே குறித்துக்கொண்டார். அதையும் சேர்த்தால் மீதி ஐந்தரை.